ஒரே கியர், இரண்டு கடினத்தன்மை எண்கள்

கேள்வி: கேஸ் ஹார்டனிங் (எஃகின் மேற்பரப்பில் மட்டும் கடினப் படலம் உண்டாக்குதல்) செய்து வரும் சிறிய கியர்களை எங்கள் பட்டறையின் ராக்வெல் கருவியில் சோதித்தால், சி அளவில் 48 என்றே காட்டுகிறது. அதே கியரில் அரத்தை வைத்துத் தேய்த்தால் அரம் பிடிக்காமல் வழுக்குகிறது. பதப்படுத்தித் தருபவரோ விக்கர்ஸ் முறையில் (வைரப் பிரமிடு முனை பதிக்கும் தடத்தின் மூலைவிட்டத்தை அளந்து கடினத்தைக் கணிப்பது) 700 என்று சான்று கொடுக்கிறார். அட்டவணைப்படி அது ராக்வெல் 60. கடினப் படலத்தின் தடிமன் 0.3 மி.மீ. யாருடைய அளவு சரி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கருவியில் பழுது இல்லாமலும், அவருடைய சான்றில் பொய் இல்லாமலும் இப்படி நேரக்கூடும். ராக்வெல் சி சோதனையில் 120 பாகைக் கோணமுள்ள வைரக் கூம்பை முதலில் 10 கிலோ சுமையால் அழுத்தி, அந்த நிலையைத் தொடக்கமாகக் கொண்டு, சுமையை 150 கிலோவாக உயர்த்திய பின் மீண்டும் 10 கிலோவுக்குக் குறைத்து, நிலையாகத் தங்கிவிட்ட கூடுதல் ஆழத்தைக் கருவி அளக்கிறது. ஒவ்வொரு 0.002 மி.மீ. ஆழத்துக்கும் நூறிலிருந்து ஓர் எண் குறையும். ஆகவே 60 என்றால் 0.08 மி.மீ. ஆழம், உங்களுக்குக் கிடைத்த 48 என்றால் 0.104 மி.மீ., அதாவது படலத்தில் மூன்றில் ஒரு பங்கு. கூம்பு முனையைப் பயன்படுத்தும்போது, அது இறங்கும் ஆழத்தைப் போலக் குறைந்தது 10 மடங்கு தடிமனுக்கு ஒரே தன்மையுள்ள உலோகம் இருக்க வேண்டும் என்பது விதி. 60 வர வேண்டிய படலத்துக்கே 0.8 மி.மீ. தேவைப்படும் நிலையில், 0.3 மி.மீ. படலம் அச்சுமையைத் தாங்காமல் கீழுள்ள மென்மையான எஃகோடு சேர்ந்து அமிழ்கிறது. அரம் மேற்பரப்பை மட்டுமே உரசுவதால் அது உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் எவ்வளவு கடினம் என்பதை அதனால் எண்ணாகத் தர இயலாது.

இதற்கு ஏற்றது 15 கிலோ சுமையில் இயங்கும் ராக்வெல் 15என் அளவு. அதில் ஓர் எண் 0.001 மி.மீ.; சி 60-க்கு இணையான பரப்பு ஏறத்தாழ 90 காட்டும் என்பதால் ஆழம் 0.01 மி.மீ. மட்டுமே. இயன்றால், ஒரு கியரைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, விளிம்பிலிருந்து உள்நோக்கி 1 கிலோ அல்லது அதற்கும் குறைந்த சுமையில் வரிசையாக விக்கர்ஸ் அளவெடுக்கச் சொல்லுங்கள். வழக்கமாக, எண் 550-க்கு இறங்கும் இடம் வரை உள்ள தொலைவே பயனுள்ள படல ஆழமாகக் கொள்ளப்படுகிறது. இந்தச் சோதனையைத்தான் நான் மிகவும் நம்புவேன். ஏனெனில் படலத்தின் கடினத்தையும் ஆழத்தையும் ஒருங்கே காட்டுவது இதுதான். சான்றில் சுமை குறிப்பிடப்படாத விக்கர்ஸ் எண்ணை ஏற்காதீர்கள்.

கேள்வி: விக்கர்ஸ் முறை அவ்வளவு நுட்பமானது என்றால், வார்ப்பிரும்புக்கு மட்டும் ஏன் பிரினெல் முறையையே கேட்கிறார்கள்?
– வாசகர், ஓசூர்

பதில்: அந்த நுட்பமே அங்கு இடையூறாகிறது. 700 கடினமுள்ள எஃகில் 1 கிலோ சுமையில் விழும் விக்கர்ஸ் தடத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 0.05 மி.மீ. அவ்வளவு சிறிய தடம் சாம்பல் வார்ப்பிரும்பில் இரும்புக்கிடையே பரவியிருக்கும் மென்மையான கிராஃபைட் (கரி) இதழின் மேல் விழுந்தால் ஓர் எண்ணும், அருகிலுள்ள இரும்பின் மேல் விழுந்தால் வேறோர் எண்ணும் தரும். சுவீடனைச் சேர்ந்த யோஹான் அவுகுஸ்ட் பிரினெல் 1900-இல் வெளியிட்ட முறையிலோ 10 மி.மீ. குண்டு 3000 கிலோ சுமையில் அழுத்தப்படுகிறது. கடினம் 200 உள்ள வார்ப்பில் 4 மி.மீ.க்குச் சற்று மேல் விட்டமுள்ள குழி விழுவதால், கிராஃபைட்டும் இரும்பும் கலந்த முழு உலோகத்தின் சராசரி கிடைக்கிறது. வார்ப்பின் மேல்தோலை மட்டும் சாணை பிடித்து நீக்கிவிடுங்கள். விளிம்பிலிருந்து குழியின் மையம் வரை குழி விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு இடைவெளி விடுங்கள்.