மழை சென்சார் மாட்டுவதற்கு முன்: கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுத் தோட்டங்களுக்கு ஸ்பிரிங்ளர் அமைத்துக் கொடுப்பது 15 வருடமாக என் தொழில். புரட்டாசி பாதி கழிந்ததும் மழை பெய்தால் ஸ்பிரிங்ளரைத் தானே நிறுத்துகிற வயர்லெஸ் மழை சென்சார் பற்றிக் கேட்கிறவர்கள் கூடிவிடுவார்கள். அப்படி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஊர் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

திருப்பாலை: அண்ணே, போன வாரம் விடிய விடிய மழை. காலை 5 மணிக்கு டைமர்படி எங்கள் ஸ்பிரிங்ளரும் ஓடியது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. இந்தச் சென்சார் மழையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தம்பி, உள்ளே இருப்பது மிக எளிய விஷயம். தக்கை போன்ற வில்லைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். நனைந்தால் உப்பும். உப்பும்போது ஒரு சின்ன சுவிட்சை அழுத்தும். உடனே கன்ட்ரோலர் (டைமர் உள்ள பெட்டி) பக்கத்தில் இருக்கும் ரிசீவருக்கு ரேடியோ சிக்னல் போகும். ரிசீவர் வால்வுகளுக்குப் போகிற 24 வோல்ட் இணைப்பைத் துண்டித்துவிடும். டைமரில் மணி ஓடிக்கொண்டுதான் இருக்கும், வால்வு திறக்காது. வெயில் அடித்து வில்லை காய்ந்து சுருங்கியதும் இணைப்பு திரும்ப வரும். அடுத்த முறை வழக்கம்போல் தண்ணீர் பாயும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 2 சென்ட் புல்வெளி ஏறத்தாழ 80 சதுர மீட்டர் இருக்கும். அங்கே 6 மி.மீ. மழை பெய்தால் வானமே 480 லிட்டர் ஊற்றிவிட்டது. அன்றைக்கும் போர்வெல் மோட்டாரை ஓட்டினால் அத்தனையும் வாய்க்காலுக்குத்தான் போகும். மனசு கேட்காதது நியாயம்தான்.

கே.கே.நகர்: சென்சாரை எங்கே மாட்டுவது சார்? மொட்டை மாடியில் டேங்க் பக்கத்தில் ஒரு கம்பி நிற்கிறது, அதில் கட்டிவிடலாமா?

டேங்க் பக்கத்தில் மட்டும் வேண்டாம் அக்கா. நான் தொழிலுக்கு வந்த புதிதில் அண்ணா நகரில் ஒரு வீட்டில் அப்படித்தான் மாட்டினேன். தினமும் காலையில் டேங்க் நிறைந்து வழிந்திருக்கிறது. தெறித்த தண்ணீரில் வில்லைகள் நனைந்து, சென்சார் தினமும் மழை என்றே சொல்லியிருக்கிறது. அது சித்திரை மாதம். வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய் 12 நாள் கழித்து வந்தபோது புல்வெளி வைக்கோலாகிக் கிடந்தது. அவர்களுக்குப் புது லான் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து மாட்டுவதற்கு முன் மாடியில் பத்து நிமிடம் நின்று, தண்ணீர் எங்கிருந்தெல்லாம் தெறிக்கும் என்று பார்ப்பேன்.

தலைக்கு மேல் வானம் திறந்திருக்க வேண்டும். சன்ஷேடு, தகரக் கூரை, வேப்பமரம், தென்னை எதுவும் மேலே வரக்கூடாது. ஸ்பிரிங்ளர் தண்ணீர் எட்டக்கூடாது. ஏ.சி. வெளி யூனிட்டின் சூட்டுக் காற்று படக்கூடாது, பட்டால் மழை நின்ற சிறிது நேரத்தில் வில்லை காய்ந்துவிடும். மொட்டை மாடித் தளமும் அப்படித்தான். நம் ஊர் வெயிலில் அது தோசைக்கல். அதனால் தளத்தை ஒட்டி வைக்காமல், கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம் தோட்டத்தைப் பார்த்த மாதிரி ஒரு கிளாம்ப் போட்டு, சுவர் மட்டத்துக்கு மேலே தலை தெரியும்படி நேர்க்குத்தாக நிறுத்துங்கள். ஏணி வைத்து எட்டுகிற இடமாக இருக்கட்டும், வருடம் ஒருமுறை அதைத் தொட வேண்டி வரும்.

இன்னொன்று. மேலே ஏறுவதற்கு முன், கீழே தரையில் வைத்தே சென்சாரையும் ரிசீவரையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்திவிடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் அதற்கான முறை இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். பிறகு ஒருவர் மேலே நின்று சென்சாரின் முனையை விரலால் அழுத்தட்டும், இன்னொருவர் கீழே ரிசீவரில் விளக்கு மாறுகிறதா என்று பார்க்கட்டும். மாறினால் அதன் பிறகு துளை போடுங்கள். வானம் இடிக்கிற நேரத்தில் மாடிக்குப் போகவே வேண்டாம்.

திருமங்கலம்: ஐயா, சென்சாரில் 3, 6, 12 என்று எண்கள் இருக்கின்றன. எதில் வைப்பது? பக்கத்தில் ஒரு வளையமும் திருகுகிறது, அது எதற்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எண் எத்தனை மி.மீ. மழைக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்கிறது. வளையம் காற்று புகும் வழியைக் கூட்டிக் குறைத்து, வில்லைகள் எவ்வளவு வேகமாகக் காய வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. எல்லோரும் எண்ணைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் வளையம்தான் உயிர். மழை எப்போது வந்தது என்று கண்டுபிடிப்பது சுலபம். மண் எப்போது காய்ந்தது என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். உங்கள் மண் காய்கிற வேகத்தில் வில்லையும் காய வேண்டும்.

உங்கள் பக்கம் கரிசல். ஒரு நல்ல மழை வாங்கினால் பல நாள் ஈரத்தை விடாது. மாடியில் வெயிலில் நிற்கிற வில்லையோ மறுநாள் மத்தியானமே காய்ந்து "ஓட்டு" என்று சொல்லிவிடும். அதனால் வளையத்தை முக்கால்வாசி மூடி வையுங்கள். மேலூர், அழகர்கோவில் பக்கத்துச் செம்மண்ணுக்கு அவ்வளவு மூட வேண்டாம், பாதி போதும். ஆடிக் காற்றில் எந்த மண்ணிலும் வில்லை சீக்கிரம் காயும், அதையும் மனதில் வையுங்கள்.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். மழைக்குப் பிறகு சென்சார் முதன்முதலாகத் தண்ணீரைத் திறந்துவிடுகிற நாளில், நீளமான ஸ்குரூ டிரைவரைப் புல்வெளியில் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவது போல் 10 செ.மீ. இறங்கினால் மண் இன்னும் ஈரம், வளையத்தை மேலும் மூடுங்கள். நடந்துபோன கால்தடம் புல்லில் நிமிராமல் அப்படியே கிடந்தால் புல் தாகத்தில் இருக்கிறது, வளையத்தைச் சற்றுத் திறந்துவிடுங்கள். இரண்டு மூன்று மழை பார்த்தால் சரியான இடம் பிடிபட்டுவிடும்.

எண் விஷயத்தில் மதுரைக்கு நான் வைப்பது 6. கோடையில் புல்வெளி ஒரு நாளில் 5 மி.மீ. அளவுக்குத் தண்ணீரை இழக்கும். அதைவிடக் குறைவான தூறலுக்காக ஒரு வேளைத் தண்ணீரை நிறுத்துவதில் பயனில்லை.

திருமங்கலம் (மறுபடியும்): 12-இல் வைத்தால் இன்னும் பாதுகாப்பு இல்லையா ஐயா?

கோடை மழைக்கு அது ஒத்துவராது. இருபது நிமிடம் அடித்துப் பெய்துவிட்டு 10 மி.மீ.-இல் நின்றுபோகும். 12-இல் வைத்தால் அந்த மழை கணக்கிலேயே வராது, மறுநாள் காலை ஸ்பிரிங்ளர் ஓடும். 6 போதும்.

வில்லாபுரம்: எலக்ட்ரீசியன் மாட்டிவிட்டுப் போனார். ரிசீவரில் விளக்கெல்லாம் சரியாக மாறுகிறது. ஆனாலும் மழையில் தண்ணீர் ஓடுகிறதே?

கன்ட்ரோலரைத் திறந்து சென்சாருக்கான இரண்டு டெர்மினல்களைப் பாருங்கள். அவற்றை இணைத்து ஒரு குட்டி வயரோ தகடோ இருக்கும். கம்பெனியிலிருந்து அப்படித்தான் வரும். அதைக் கழற்றினால்தான் சென்சார் சொல்வது கன்ட்ரோலருக்குக் கேட்கும். நான் பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல் இதுதான். கழற்றியும் சரியாகவில்லை என்றால், முகப்பில் சென்சார் சுவிட்ச் "பைபாஸ்" பக்கம், அதாவது சென்சாரைக் கண்டுகொள்ளாத பக்கம், தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ரிசீவரின் வயர்கள் இடம் மாறியிருக்கலாம். இரண்டு வயர் கரண்டுக்கு, இரண்டு சென்சாருக்கு. நிறம் மாடலுக்கு மாடல் மாறும், தாளைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

நாகமலை புதுக்கோட்டை: போர்டிகோவுக்குள் 40 தொட்டிச் செடி இருக்கிறது. அதற்கும் ஒரு வால்வு. மழை என்று எல்லாம் நின்றால் அவை வாடுகின்றன. என்ன செய்வது?

கூரைக்குக் கீழே மழை விழாது, ஆனால் சென்சாருக்கு அது தெரியாது. புது கன்ட்ரோலர்கள் சிலவற்றில் இந்த வால்வுக்கு மட்டும் சென்சார் வேண்டாம் என்று அமைக்கலாம். முதலில் அதைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால், சென்சாரை அதன் டெர்மினலில் கொடுக்காமல் வால்வுகளின் காமன் வயரில் (எல்லா வால்வுக்கும் பொதுவாகப் போகும் வயர்) வரிசையாகச் சேர்த்து, தொட்டிச் செடி வால்வின் காமனை மட்டும் சென்சாருக்கு முன்னாலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். அப்போது அந்த டெர்மினலில் இருக்கும் குட்டி வயர் அப்படியே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. குழாய் திறந்தால் தானே ஓடி, மூடினால் தானே நிற்கிற பிரஷர் பம்ப் உள்ள வீட்டுக்கும், மாடி டேங்கிலிருந்து தண்ணீர் வருகிற வீட்டுக்கும் மட்டுமே இது பொருந்தும். கன்ட்ரோலரே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூலம் மோட்டாரை ஓட்டுகிற வீட்டில் காமனைப் பிரித்தால், மழையில் வால்வெல்லாம் மூடியிருக்க மோட்டார் மட்டும் ஓடும். போக வழியில்லாத தண்ணீர் சுழன்று சூடாகி பம்பின் சீல் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் தொட்டிகளுக்குத் தனியாக ஒரு பேட்டரி டைமர் போட்டுவிடுங்கள்.

அப்பன்திருப்பதி: எங்கள் பக்கம் குரங்கு அதிகம். வைத்த மறுநாளே பிடுங்கிப் போட்டுவிட்டது.

அழகர்கோவில் ரோட்டில் எல்லோரும் சொல்வதுதான். பிளாஸ்டிக் கிளாம்பை விட்டுவிட்டு, முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப்பைச் சுவரில் பதித்து, அதன் தலையில் ஸ்டீல் கிளாம்ப் இரண்டு போட்டுப் பூட்டுங்கள். சுற்றிலும் பெரிய கண் உள்ள வெல்டு மெஷ் கூண்டு ஒன்று, மழையை மறைக்காத அளவு அகலமாக. கொசுவலை மாதிரி நெருக்கமான கண் வேண்டாம், துளி உள்ளே சரியாக விழாது. நான் அங்கே மாட்டிய கூண்டுகள் இன்னும் நிற்கின்றன.

எஸ்.எஸ்.காலனி: மகள் அமெரிக்காவிலிருந்து வரும்போது சென்சாரும் கன்ட்ரோலரும் வாங்கி வரட்டுமா என்கிறாள். இங்கே வேலை செய்யுமா?

வேண்டாம் ஐயா. அங்கத்திய கன்ட்ரோலரின் டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்டுக்கு ஆனது. நம் 230-இல் சொருகினால் கருகிவிடும். அடுத்தது அலைவரிசை. அங்கே இவ்வகைக் கருவிகள் பல 915 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பேசும். நம் நாட்டில் அந்தப் பகுதி செல்போன் சேவைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டிருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. இங்கேயே வாங்குங்கள், பெட்டியில் அலைவரிசையைப் பார்த்து வாங்குங்கள்.

உசிலம்பட்டி பக்கம்: வீட்டை ஒட்டி அரை ஏக்கர் மல்லிகை. மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் வந்தால் நடுராத்திரி மழையிலும் ஓடுகிறது. சென்சாரை ஸ்டார்ட்டரில் நேரடியாகக் கொடுக்கலாமா அண்ணே?

நேரடியாகக் கொடுக்கவே கூடாது. ரிசீவருக்குள் இருக்கும் சுவிட்ச் 24 வோல்ட் வால்வுகளைத் தாங்குவதற்கு மட்டும்தான். அதில் 230 அல்லது 440 வோல்டைக் கொண்டுவந்தால் கருவி போவதோடு நிற்காது, ஆளுக்கே ஆபத்து. 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, 24 வோல்ட் ரிலே ஒன்று வாங்குங்கள். சென்சார் ரிலேயை ஓட்டட்டும். ரிலே, ஸ்டார்ட்டரில் கான்டாக்டர் காயிலுக்குப் போகும் லைனைத் துண்டிக்கட்டும். மோட்டார் வயரிங் தெரிந்த ஆளை வைத்து, மெயினை இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.

தூரத்தையும் பாருங்கள். திறந்த வெளியில் 200 மீட்டர் எட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தால், இடையில் சுவரும் தென்னந்தோப்பும் வந்தால் அதில் பாதிகூட எட்டாமல் போகலாம். மோட்டார் ரூம் இரும்புப் பெட்டிக்குள் ரிசீவரை வைக்காதீர்கள், சிக்னல் உள்ளே வராது. வெளிச்சுவரில் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். பல்லி நுழையாமல் வயர் துளையை அடைத்துவிடுங்கள், ரிலே முனையில் பல்லி மாட்டிக் கருகியதை நிறைய பார்த்திருக்கிறேன்.

மல்லிகைக்கு இது மிகவும் தேவை. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், இலை மஞ்சளாகும். கார்த்திகையில் கவாத்து செய்கிற சமயம் தண்ணீரைக் குறைக்க வேண்டிய காலம், அதே சமயம்தான் மழையும் குறையத் தொடங்கும், மழை இல்லையென்றால் சென்சார் மோட்டாரை நிறுத்தாது. அந்த நாட்களில் சென்சாரை மட்டும் நம்பாமல் மோட்டாரை மேனுவலில் போட்டுவிடுங்கள்.

தத்தனேரி: எங்களுக்கு முன்வாசலில் அரை சென்ட் புல்தான். வாங்கலாமா?

வேண்டாம் அக்கா. மழை வந்தால் டைமரை நிறுத்திவிடுங்கள், அந்தக் காசுக்கு நாலு பன்னீர் ரோஜா வைக்கலாம். அடிக்கடி வெளியூர் போகிறவர்களாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஒத்தக்கடை: 4 வருடமாக நன்றாக இருந்தது. இப்போது மழை பெய்தாலும் தாமதமாகத்தான் நிற்கிறது. ஆயுள் முடிந்ததா?

முடிந்திருக்காது, தூசியாக இருக்கும். மூடியைக் கழற்றி வில்லைகளை வெறும் தண்ணீரில் அலசுங்கள், சோப்பு வேண்டாம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத் தண்ணீரில் அலசுங்கள், உப்பு படிந்தால் வில்லை விறைத்துப் போகும். உடைந்தோ பொடிந்தோ இருந்தால் வில்லைகளை மட்டும் மாற்றலாம். சில மாடல்களில் காசு மாதிரி வட்ட பேட்டரியை நாமே மாற்றலாம், சிலவற்றில் பேட்டரி உள்ளேயே அடைத்து வரும், தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும்.

திரும்ப மாட்டியதும் மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஸ்பிரிங்ளரை ஓட்டிவிட்டு, ஒரு செம்பு தண்ணீரைச் சென்சார் மேல் மெதுவாக, நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே இருங்கள். ஸ்பிரிங்ளர் நின்றால் சரியாகிவிட்டது. அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு மேல் வடகிழக்குப் பருவமழை எந்த நாளும் தொடங்கலாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.