ஒப்பந்த டாக்டராக ஏழு வருடம்: பணி நிரந்தரம் கேட்க முடியுமா?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையத்தில், தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் தொகுப்பூதியத்தில் ஏழு வருடமாக மருத்துவராக இருக்கிறேன். பதினொரு மாதத்துக்கு ஒரு ஆர்டர், நடுவில் ஒரு நாள் பிரேக். "கோர்ட்டுக்குப் போனால் நிரந்தரம் ஆகிவிடும், எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வே வேண்டாம்" என்கிறார்கள். சரியா?

பதில்: டாக்டர், வழக்கு போடலாம். ஆனால் அதை நம்பித் தேர்வை விட்டுவிடாதீர்கள்.

2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தற்காலிகமாக நெடுநாள் வேலை பார்த்தது மட்டுமே நிரந்தரத்துக்கு உரிமை தராது என்று சொல்லிவிட்டது. அதைக் காட்டியே அரசுத் துறைகள் பல வருடம் தப்பித்து வந்தன. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தின் துப்புரவுப் பணியாளர்களை நிரந்தரமாக்கச் சொன்ன அதே நீதிமன்றம், உமாதேவி தீர்ப்பைத் தவறாகப் பயன்படுத்தி ஊழியர்களுக்கு எதிரான ஆயுதமாக்குகிறார்கள் என்று கண்டித்தது. உங்கள் நண்பர்கள் மனதில் இருப்பது இதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எத்தனை வருடம் என்பதைவிட, எப்படி உள்ளே வந்தீர்கள், எந்தப் பணியிடத்தில் இருக்கிறீர்கள் என்பதையே நீதிமன்றம் முதலில் பார்க்கும். முதல் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வைத்து, இனச்சுழற்சி (இடஒதுக்கீட்டு வரிசை) பார்த்து எடுத்தார்களா? திட்டப் பணியிடம் என்று இருக்கிறதா, இல்லை காலியாக இருந்த உதவி மருத்துவர் இடத்தில் உட்கார வைத்தார்களா? திட்டம் முடிந்தால் போய்விடும் பணியிடம் என்றால், நிரந்தரம் கிடைப்பது கடினம். அரசு அனுமதித்த காலியிடத்தின் வேலையைத்தான் நீங்கள் பார்த்து வருகிறீர்கள் என்று காட்ட முடிந்தால் வழக்குக்குப் பலம் உண்டு. உங்கள் நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர் இடங்கள் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். டூட்டி ரோஸ்டர், வருகைப் பதிவு, பிரேத பரிசோதனை டூட்டி போட்ட ஆர்டர் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். அந்த ஒரு நாள் பிரேக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், செயற்கையான இடைவெளி என்று வாதாடலாம்.

நிரந்தரம் ஒருபுறம் இருக்கட்டும், இப்போதே கேட்கக்கூடியவையும் உண்டு. உங்களை அனுப்பிவிட்டு அதே இடத்தில் இன்னொரு ஒப்பந்த டாக்டரைப் போட்டால் தடை கேட்கலாம். நிரந்தர மருத்துவர் செய்யும் அதே வேலை என்றால், 2016-ன் ஜக்ஜித் சிங் தீர்ப்பை வைத்து, அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சச் சம்பளம் கோரலாம். மகப்பேறு விடுப்பும் உங்களுக்கு உண்டு: டெல்லி அரசு மருத்துவமனையின் ஒப்பந்த மருத்துவர் ஒருவருக்கு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் 26 வாரப் பலனைத் தரச் சொல்லி 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆர்டரில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் எழுத்தில் வாங்குங்கள்.

முதலில் குழுமத்தின் இயக்குநருக்குக் கோரிக்கை மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றாலோ மறுத்தாலோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுங்கள். தீர்ப்பு வரப் பல வருடம் ஆகலாம், அதற்குள் வயது வரம்பு தாண்டிவிடக் கூடாது. அதனால் அடுத்த எம்.ஆர்.பி. அறிவிப்பு வந்ததும் விண்ணப்பியுங்கள். 2024-ல் மட்டும் 2,553 உதவி மருத்துவர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. தேர்வு எழுதினால் வழக்கு பலவீனமாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.