பத்தாம் வகுப்பு மகனுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தால் படிப்புக்கு உதவுமா?

குரூப் 2 தேர்வுக்குத் தயாரான காலத்தில் 14 மாதங்கள் இரவும் பகலும் ஃபிட்னஸ் பேண்ட் கட்டியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எனக்கு அது உதவியது. ஆனால் கூடவே ஒரு நோட்டு வைத்துக்கொண்ட பிறகுதான்.

முதல் இரண்டு மாதங்கள் வீண். காலையில் கண் விழித்ததும், பேண்ட் நூற்றுக்கு இவ்வளவு என்று போடும் தூக்க மதிப்பெண்ணைத்தான் பார்ப்பேன். 62 என்று காட்டினால் இன்று எதுவும் மண்டையில் ஏறாது என்று நானே முடிவு கட்டிவிடுவேன். இப்படிக் கருவியின் எண்ணை நினைத்துத் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த எண் ஓர் ஊகம். மருத்துவமனையில் தூக்கத்தை அளக்கும்போது மூளை அலைகளைப் பதிவு செய்கிறார்கள். மணிக்கட்டில் இருக்கும் கருவிக்குத் தெரிவது கை அசைவும், பச்சை ஒளி வழியே கிடைக்கும் நாடித்துடிப்பும்தான். பாயில் அசையாமல் படுத்துப் புத்தகம் படித்த அரை மணி நேரத்தையும் அது தூக்கக் கணக்கில் சேர்த்திருந்தது.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் எந்தக் கருவியும் கட்டாமல் தன் நினைவாற்றலைத் தானே அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்வார். இடைவெளி விட்டு மறுபடி படித்து, முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று குறிப்பார். ஒரு நாள் கழிந்தால் மிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. என்னிடம் வெறும் எண்கள் இருந்தன.

அதன்பின் தினமும் காலையில், முந்தைய நாள் படித்ததிலிருந்து 20 கேள்விகளுக்கு நோட்டில் விடை எழுதினேன். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் தூங்கிய நேரம். ஆறு வாரத்தில் தெரிந்துவிட்டது: ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாள்களில் 11, 12, ஏழு மணி நேரத்தைத் தாண்டினால் 15, 16. கண் விழித்த இரவுகளில் களைப்போடு படித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். தூக்கத்தின் மேல் மட்டும் பழி போடமாட்டேன். ஆனாலும் நள்ளிரவுப் படிப்பை விட்டுவிட்டு, அரசியலமைப்புப் பாடத்தை விடியற்காலை ஐந்து மணிக்கு மாற்றினேன். காலடிக் கணக்கு படிப்புக்கு எதற்குமே உதவவில்லை.

உங்கள் மகனுக்கு முதலில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தூங்கிய நேரத்தையும், முந்தைய நாள் பாடத்திலிருந்து காலையில் எழுதும் கேள்விகளுக்கான மதிப்பெண்ணையும் இரண்டு வாரம் அவனே எழுதட்டும். பிறகும் வாட்ச் வேண்டும் என்றால் வாங்குங்கள். ஆனால் அதன் எண்களை உங்கள் கைபேசியில் இணைத்துப் பார்க்காதீர்கள். "நேற்று ஏன் ஐந்து மணி நேரம்தான் தூங்கினாய்?" என்று நீங்கள் கேட்கத் தொடங்கினால், அவன் அதைக் கழற்றி வைத்துவிடுவான்.