ஹோ சங்-டே மாதிரி 35 வயதில் வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகலாமா?

கேள்வி இதுதான்: ஸ்க்விட் கேம் என்ற கொரியத் தொடரில் ரவுடி டோக்சுவாக வந்த நடிகர் ஹோ சங்-டே, நல்ல சம்பள வேலையை 35 வயதில் உதறிவிட்டு நடிக்கப் போய் ஜெயித்தார். எனக்கும் அதே வயது, நானும் போகலாமா?

கேட்டவர் ஐடியில் இருக்கிறார், கல்யாணம் ஆகிவிட்டது, வீட்டில் இன்னும் பேச்சை எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். ஆனால் அப்படித்தான் இருக்கும்.

வாட்ஸப்பில் சுற்றும் ஹோ சங்-டே கதையில் இரண்டே காட்சிகள். வேலையை விட்டார், உலகப் புகழ் பெற்றார். நடுவில் இருந்த பத்து வருஷத்தை யாரோ கத்தரி போட்டு எடுத்துவிட்டார்கள். எனக்கு எரிச்சலே அதில்தான்.

மனிதர் 1977ல் தென்கொரியாவின் பூசான் நகரத்தில் பிறந்தவர். அங்கேயே பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி படித்தார். அந்த மொழியை வைத்து எல்ஜியில் ரஷ்யச் சந்தைக்கு டிவி விற்கும் வேலை, பிறகு டேவூ கப்பல் கட்டும் நிறுவனத்தில் ஆபீஸ் வேலை. ஆண்டுக்கு 7 கோடி சம்பளம் என்பார்கள். கோடி என்றதும் மயங்க வேண்டாம், அது ரூபாய் இல்லை, கொரியப் பணமான வோன். 2011ல் எஸ்பிஎஸ் என்ற கொரிய டிவி சானல் நடிகர் தேர்வுக்கு ஒரு ரியாலிட்டி போட்டி நடத்தியது. குடித்துவிட்டு வீட்டுக்கு வந்த ஒரு ராத்திரி அதன் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இன்னொன்று, 35 என்பது பழைய கொரியக் கணக்கு. பிறந்தவுடன் ஒரு வயது, அப்புறம் ஒவ்வொரு ஜனவரி 1க்கும் ஒன்று கூடும். நம் கணக்கில் அவருக்கு அப்போது 33தான். ஆக நீங்கள் ஏற்கெனவே லேட்.

போட்டியில் கடைசிக் கட்டம் வரை போனார். அதோடு வாழ்க்கை மாறிவிடவில்லை. பெயரில்லாத துண்டு வேஷங்களாகவே வருஷங்கள் ஓடின. 2016ல் கிம் ஜீ-வூன் இயக்கிய 'தி ஏஜ் ஆஃப் ஷேடோஸ்' படத்தில் நாயகன் சாங் காங்-ஹோவின் கீழ் வேலை செய்யும் ஆளாக வந்தபோதுதான் முகம் பதிந்தது. அடுத்த வருஷம் 'தி அவுட்லாஸ்' படத்தில் சீக்கிரமே செத்துப்போகும் தாதா. அதே வருஷம் 'தி ஃபோர்ட்ரஸ்' படத்தில் மஞ்சு மொழி பேசும் படைத்தளபதி. ஸ்க்விட் கேம் வந்தது 2021 செப்டம்பரில். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்றால், நானும் அந்த மாதிரி போனவன். நடிகன் இல்லை, டப்பிங் பேசுபவன். முன்பு ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கடன் வசூல் பிரிவில் போன் பேசிக்கொண்டிருந்தேன். தவணை கட்டாதவர்களைக் கூப்பிட்டு மிரட்டாத மாதிரி மிரட்ட வேண்டும். (உடனே 'நீங்களெல்லாம் மனிதர்களா' என்று கமெண்டில் வராதீர்கள். நானும் தவணை கட்டிக்கொண்டிருந்தவன்தான்.) குரல் நன்றாக இருக்கிறது என்று ஒரு நண்பர் வடபழனியில் ஒரு டப்பிங் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்புறம் வேலையை விட்டேன்.

முதல் சில வருஷங்கள் கூட்டத்துக்குத்தான் குரல். சந்தை இரைச்சல், கல்யாண வீட்டுப் பேச்சு, 'ஐயோ, ஓடுங்க, ஓடுங்க'. வீட்டை நடத்தியது என் மனைவியின் டீச்சர் சம்பளம். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. துணிச்சல், கனவு என்று பதில் எழுதுபவர்கள் இந்த வரியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

கொரியத் தொடர்கள் தமிழில் வர ஆரம்பித்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. கொரியனிலும் நம்மைப் போல வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதனால் இங்கிலீஷ் படத்தைவிட இதில் வாயசைவுக்குள் தமிழை உட்கார வைப்பது சுலபம். கோபம் வாக்கியத்தின் முடிவில் வெடித்தால் நமக்கும் அங்கேயே வெடிக்கும். ஒரு தொடரில் கந்துவட்டிக்காரன் பாத்திரம். எல்லாரும் கத்திப் பேசிக் காட்டினார்கள். நான் பழைய ஆபீஸ் குரலில், 'சார், சாப்பிட்டீங்களா?' என்று ஆரம்பிக்கும் அதே பதத்தில் பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். அன்றிலிருந்து வட்டிக்காரன், ஊழல் போலீஸ் எல்லாம் எனக்குத்தான் வருகிறது. ஸ்க்விட் கேமில் நான் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹோ சங்-டேவுக்கும் பழைய படிப்பு இப்படித்தான் உதவியது. 2021ல் வந்த 'பியாண்ட் ஈவில்' தொடரில் அவர் ஒரு ரியல் எஸ்டேட் ஆசாமி, திடீர் திடீரென்று ரஷ்ய மொழியில் பேசுவார். டிவி விற்க உதவிய அதே மொழி! அவர் சிரிப்பிலும் ஒரு விற்பனைக்காரர் தெரிவார். என்னைக் கேட்டால் டோக்சுவைவிட அதில்தான் அவர் நடிப்பு நுணுக்கம். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தொடரை முழுக்கப் பார்த்துவிட்டு வரவும்.

சரி, கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். போன வருஷம் வீடு மாற வேண்டியிருந்தது. சென்னையில் எத்தனை வீட்டு ஓனர்கள் 'என்ன வேலை?' என்ற கேள்விக்குப் பிறகு போன் எடுக்காமல் போனார்கள் தெரியுமா? ஒருவர் நேராகவே சொன்னார், 'சினிமாக்காரங்களுக்குக் கொடுக்கிறதில்லைங்க, ராத்திரி ஆளுங்க வருவாங்க.' என் வீட்டுக்கு ராத்திரி வருவது பால்காரருக்குச் சொந்தமான ஒரு பூனை மட்டும்தான். அப்புறம் லோன். ஒருகாலத்தில் நான் வசூல் செய்த அதே மாதிரிக் கம்பெனி ஒன்று, சம்பளச் சீட்டு இல்லை என்று என் விண்ணப்பத்தைத் திருப்பியது. டப்பிங் கோஆர்டினேட்டர் ஒருவர் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கும் என் பணத்தைக் காட்டினால் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டேன். அந்த லோன் கம்பெனிப் பையன் சிரிக்கக்கூட இல்லை.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. டோக்சுவைப் பார்த்துப் போகாதீர்கள், 2012ல் எங்கோ ஒரு காட்சியில் ஒரு வரி வசனத்துக்குக் காத்திருந்த ஆளைப் பார்த்துவிட்டுப் போங்கள். அந்த வருஷங்களில் வாடகை யார் கட்டுவார் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அப்படியும் விடுவதென்று முடிவானால், வீட்டுக் கடனோ வாடகை ஒப்பந்தமோ எதுவானாலும் கையில் சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.