ராணுவத்துக்கும் மரைன் படைக்கும் என்ன வேறுபாடு? இந்தியாவில் மரைன் படை உண்டா?

போன வாரம் ஏற்காடு அடிவாரத்து டீக்கடையில் ஒரு பையன் என்னிடம் இதையேதான் கேட்டான். ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் மலைப்பாதையில் ஓடிப் பழகுகிறவன். "மாமா, எனக்கு ராணுவம் வேண்டாம், மரைனில்தான் சேரப்போகிறேன். எங்கே ஆள் எடுக்கிறார்கள்?" கைபேசியில் அமெரிக்க வீரர்களின் காணொளி ஓடிக்கொண்டிருந்தது.

"நம் நாட்டில் அப்படித் தனிப்படை கிடையாது, தம்பி" என்றேன். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டான்.

அமெரிக்காவில் ராணுவம், மரைன் படை இரண்டும் 1775-இல் பிறந்தவை. மரைன் படை கடற்படைத் துறையின் கீழ் வருகிறது. கப்பலில் போய், எதிரியின் கரையில் இறங்கி, துறைமுகத்தையோ விமானத் தளத்தையோ பிடிப்பதுதான் அதன் மூல வேலை. பிடித்த நிலத்தில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நிலைத்து நிற்பதற்கு ஆள்பலமும் தளவாடமும் ராணுவத்திடம்தான் அதிகம். மரைன்களுக்குச் சொந்தமாகப் போர் விமானங்கள் உண்டு. ஆனால் காயம்பட்டால் கட்டுப்போடுகிறவர் கடற்படை ஆள். 2020-க்குப் பிறகு தங்கள் டாங்கிகளையும் விட்டுவிட்டார்கள். அவர்களில் ஒருவரை 'சோல்ஜர்' என்று கூப்பிட்டால் கோபம் வரும். அது ராணுவத்துக்காரர் பெயராம்!

அதற்காகக் கடல்வழித் தாக்குதலே மரைன்களின் ஏகபோகம் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய அமெரிக்கப் படைகள் ராணுவத்தைச் சேர்ந்தவை. பசிபிக் தீவான இவோ ஜிமாவில்தான் மரைன்கள் பேர் வாங்கினார்கள்.

இங்கேயும் அந்த வேலையை ராணுவமே பார்க்கிறது. திருவனந்தபுரத்தில் இதற்கென்றே பயிற்சி பெற்ற காலாட்படை பிரிகேட் இருக்கிறது. ஏற்றிச் செல்ல, 2007-இல் அமெரிக்காவிடம் வாங்கிய ஜலாஷ்வா போன்ற கப்பல்கள் கடற்படையிடம் இருக்கின்றன.

நான் ராணுவத்தில் இருந்தபோது ஒரு முறை தரையிறங்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கப்பலின் முன்கதவு திறந்தது, சாய்வுப்பலகை இறங்கியது, மார்பளவுத் தண்ணீர். துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடந்தேன். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகிய சேலத்துக்காரன் நான். கிணற்றுத் தண்ணீர் ஆளைத் தள்ளாது. இங்கே ஒவ்வோர் அலையும் காலடி மணலை உருவிக்கொண்டே போனது. கரையேறி பூட்ஸைக் கவிழ்த்தால் அரைப்படி மணல்!

பையன் விடவில்லை. "அப்போது மார்கோஸ்?"

அது 1987-இல் தொடங்கிய கடற்படைக் கமாண்டோ பிரிவு. 'மரைன் கமாண்டோஸ்' என்பதன் சுருக்கம்தான் மார்கோஸ். பெயரில் மரைன் இருந்தாலும், கரையைப் பிடிக்கிற பெரும்படை அல்ல. சிறு குழுக்களாக இயங்குவது. நேரடியாகச் சேர முடியாது. முதலில் கடற்படையில் சேர வேண்டும், பிறகு விருப்பம் தெரிவித்துக் கடுமையான தேர்வைத் தாண்ட வேண்டும்.

"நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கிணற்றில் தெரியும், மாமா."