தொழில்கள் எப்படி உருவாகின்றன, நாம் ஏன் ஒன்றில் போய்ச் சேர்கிறோம்? ஒரு நில அளவையரின் பதில்

ஒரு தொழில் எப்படித் தோன்றி வளர்கிறது, ஆட்கள் ஏன் இந்த வேலைதான் என்று தேர்ந்தெடுக்கிறார்கள், சொந்த அனுபவத்திலிருந்து சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல்லாவரத்துக்காரி. டிப்ளமோ முடித்து 2000-ல் வேலைக்கு வந்தேன், இப்போது தனியாக நில அளவை செய்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் பரங்கிமலை தெரியும். என் தொழிலின் பெரிய கதை ஒன்று அந்த மலையடிவாரத்தில்தான் தொடங்கியது. அதனால் உங்கள் இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

"ஒரு பொண்ணு எப்படிம்மா சர்வேயர் ஆனே?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. 1993. எனக்குப் பதினொரு வயது. அப்பா கொத்தனார். ஞாயிற்றுக்கிழமைகளில், வேலை நடந்த இடங்களில் மிஞ்சிய செங்கல்லை வாங்கி வந்து, எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் தானே ஒரு சுவர் கட்டியிருந்தார். சுவர் தன் இடத்தில் ஏறி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு மாமா அளக்கச் சொல்லி மனு கொடுத்துவிட்டார். இரண்டு வீட்டுப் பெண்களும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது சர்வேயர் சைக்கிளில் வந்தார். யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. பையிலிருந்து புலப்படத்தை எடுத்து விரித்தார், எஃப்.எம்.பி. என்று நாங்கள் சொல்வோமே, நிலத்தின் எல்லைகளை அளவோடு வரைந்த அரசுப் படம், அதுதான். பழைய எல்லைக்கல் எங்கே என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கூட வந்தவர் கடப்பாரையால் குத்திப் பார்த்துக்கொண்டே வந்து, எங்கள் செம்பருத்திச் செடிக்குக் கீழே ஒரு அடி ஆழத்தில் 'டங்'கென்று ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தார். மண்ணைத் தள்ளியதும் கல் தெரிந்தது. தெருவே அமைதியாகிவிட்டது.

சர்வேயர் என்னைக் கூப்பிட்டு டேப்பின் நுனியைக் கையில் கொடுத்தார். "பாப்பா, இதைக் கல்லு மேல வெச்சு அசையாமப் பிடி." பிடித்தேன். அப்பா கட்டிய சுவர் ஒன்றேகால் அடி அந்தப் பக்கம் போயிருந்தது.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிறு, தானே உளியும் சுத்தியலும் எடுத்து, செங்கல் உடையாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கினார். அதற்கடுத்த இரண்டு ஞாயிறுகளில் உள்ளே தள்ளித் திரும்பக் கட்டினார். மாமா தண்ணீர்க் குடம் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவு கத்தல் போட்டவர்களை ஒரு காகிதமும் ஒரு கல்லும் அடக்கிவிட்டதைப் பார்த்ததும், நானும் பெரியவளாகி அந்த வேலைக்குத்தான் போவேன் என்று முடிவு செய்தேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நான் சர்வேயர் ஆனதற்குக் காரணம் இது மட்டும்தான் என்று சொன்னால் பொய்யாகிவிடும். 1997-ல் பத்தாவது முடித்தபோது எனக்கு வேண்டியிருந்தது கம்ப்யூட்டர் டிப்ளமோ. அந்த வருடம் எல்லோருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மார்க் போதவில்லை, சிவில்தான் கிடைத்தது. தரமணிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக். கிண்டி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். ஃபீஸ் குறைவு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். அப்பா சம்மதித்தது இந்த இரண்டுக்காக. நான் படித்துக்கொண்டிருந்தபோதே பக்கத்தில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் படிப்பை முடித்து வெளியே வந்த 2000-லேயே அதைத் திறந்தார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர், கட்டடம் கட்டும் படிப்பைப் படித்துவிட்டு, அந்தக் கட்டடத்துக்குள் போய் உட்காரும் வேலையைத் தேடினார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை. ஊர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தானே பிள்ளைகள் போவார்கள்? குரோம் லெதர் தொழிற்சாலை வந்துதான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர், அந்தப் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் தோல் வேலையில் வாழ்ந்தன. பழைய வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் வளரும் பையனுக்குப் பத்து வயதிலேயே கியர் பாக்ஸைப் பிரிக்கத் தெரிகிறது. கண்ணெதிரே இல்லாத வேலையை ஆசைப்படுவது எல்லோராலும் முடியாது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசமாக எனக்குப் படுவது இதுதான்: வசதியான வீட்டுப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்த வேலைகள் அதிகம். புத்தியில் வித்தியாசம் இல்லை.

சரி, சேர்ந்தது ஒரு பக்கம். அதில் தங்கியதற்குக் காரணம் வேறு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இரண்டாம் வருடம் சர்வே பிராக்டிகல். கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டைத் தொடுவதெல்லாம் பையன்கள், அளவுகளைக் குறிக்கும் ஃபீல்டு புக் எழுதுவது பெண்கள் என்று ஆசிரியர் பிரித்துவிட்டார். ஒரு மாதம் எழுதினேன். அப்புறம் ஒரு நாள் மதிய இடைவேளையில் ஆய்வக உதவியாளரிடம் கெஞ்சி, கருவியை முக்காலியில் ஏற்றினேன். தூக்குக்குண்டு ஆணிக்கு நேராக வரவேண்டும், கருவியின் மட்டக் குமிழி நடுவில் நிற்கவேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது விலகும். முக்கால் மணி நேரம் ஆனது. வியர்வை கண்ணில் இறங்கியது. குமிழி நின்றபோது வந்த சந்தோஷத்தை இன்றும் ஒவ்வொரு காலையும் கருவியை நிறுத்தும்போது அனுபவிக்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம் டிராவர்ஸ். ஒரு புள்ளியில் தொடங்கி, நிலத்தைச் சுற்றிக் கோணமும் தூரமும் அளந்துகொண்டே போய், புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வருவோம். நான்கு மூலை என்றால் உள்கோணங்களைக் கூட்டினால் 360 பாகை வரவேண்டும், ஐந்து மூலை என்றால் 540. தூரத்தையும் கணக்கில் போட்டால், தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழும். குளோசிங் எர்ரர் என்போம். எவ்வளவு கவனமாக அளந்தாலும் கொஞ்சமாவது வரும். அது எவ்வளவு என்று நீயே கண்டுபிடிக்க வேண்டும், எழுதி வைக்கவேண்டும், அனுமதித்த அளவைத் தாண்டினால் திரும்பப் போய் அளக்கவேண்டும். எவ்வளவு பிசகினேன் என்பதை அன்று மாலையே எண்ணாக என் கையில் கொடுக்கும் வேலை இது. இதைப் புரிந்துகொண்ட அன்றுதான் நான் இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தேன். படிப்பில் சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்து.

இப்போது தொழில் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு வருகிறேன். நிலத்தை அளப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. முதலாம் ராஜராஜன் காலத்திலேயே நாடு முழுவதும் அளந்திருக்கிறார்கள், பதினாறு சாண் உலகளந்த கோல் பற்றிக் கல்வெட்டு பேசுகிறது. வரி வாங்க நிலம் தெரியவேண்டும், அதுதான் அன்றும் காரணம். ஆனால் பயிற்சிப் பள்ளி, பரீட்சை, படிப்படியாகப் பதவி என்று இன்றைய உருவம் வந்தது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில். 1794-ல் மைக்கேல் டாப்பிங் என்பவர் சென்னையில் எட்டு மாணவர்களோடு சர்வே பள்ளி தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1920-ல் கிண்டிக்கு வந்து, இன்றைக்கு நாம் கிண்டி பொறியியல் கல்லூரி என்று சொல்லும் இடம்.

அங்கே ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? சென்னை ஆண்கள் அனாதை இல்லத்துப் பையன்கள். ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள். இங்கிலாந்திலிருந்து அளவையர்களை வரவழைத்தால் செலவு அதிகம், இவர்களுக்கு ஒரு பிழைப்பும் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். உனக்கு என்னப்பா விருப்பம் என்று அந்தப் பிள்ளைகளை யார் கேட்டிருப்பார்கள்? இருந்தாலும் அந்தப் பள்ளியில் பயின்ற ஜோஷுவா டி பெனிங் என்பவர், வில்லியம் லாம்டனோடும் பிறகு ஜார்ஜ் எவரெஸ்டோடும் பல்லாண்டுகள் வேலை பார்த்து, கடைசியில் கல்கத்தாவில், நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரிய முக்கோண அளவையின் கணக்கீட்டு அலுவலகத்துக்கே தலைமை தாங்கினார். அந்த அளவைக்கு முதல் அடிக்கோட்டை, அதாவது மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையாகும் நேர்கோட்டை, லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர், நூறு அடி எஃகுச் சங்கிலியால், சித்திரை வெயிலில். ஆலந்தூர்ப் பக்கம் எனக்கு வேலை வரும்போதெல்லாம் சங்கிலி தூக்கிய ஆட்களைத்தான் நினைத்துக்கொள்வேன். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

நாம் 'சென்ட்' என்று சொல்லும் அளவே ஒரு சங்கிலியின் மிச்சம்தான். நிலம் அளக்கப் பயன்பட்ட கண்டர் சங்கிலி 66 அடி நீளம். 66-ஐ 66-ஆல் பெருக்கினால் 4356, அப்படிப் பத்துச் சதுரம் ஓர் ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்கு 435.6 சதுர அடி. சங்கிலி போய்விட்டது, எண் மட்டும் நம் பத்திரங்களில் உட்கார்ந்திருக்கிறது. கருவி மாறினாலும் தொழில் தன் பழைய பேச்சை அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெரால்ட் வில்லென்ஸ்கி 1964-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வேலையை முழுநேரமாகச் செய்பவர்கள் முதலில் வருவார்கள், பிறகு பயிற்சிப் பள்ளி, பிறகு சங்கம், பிறகு உரிமம் கொடுக்கும் சட்டம், பிறகு நெறிமுறை என்று ஒரு வரிசை சொன்னார். நம் நாட்டில் பட்டயக் கணக்காளர்களுக்கு 1949-லும், வழக்கறிஞர்களுக்கு 1961-லும், கட்டடக் கலைஞர்களுக்கு 1972-லும் சட்டம் வந்துவிட்டது. நில அளவையை நாடெங்கும் அப்படி ஒழுங்குபடுத்தும் சட்டம் கிடையாது. 1923-ன் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இங்கே இருக்கிறது, அது அரசு அளக்கும் முறையைச் சொல்வது. தனியாக அளப்பவரின் தகுதிக்கு அது பொறுப்பில்லை. ஒரு கருவியை வாடகைக்கு எடுத்தவர் எல்லாம் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு அரை கிரவுண்டு வாங்கும் குடும்பம் அதற்கு விலை கொடுக்கிறது. எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம் இது.

தொழில் யாருக்குச் சொந்தம் என்பதும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நிலக் கணக்கு வைத்திருந்த கிராமத்துக் கர்ணம் பதவி தமிழ்நாட்டில் பெரும்பாலும் பரம்பரையாக ஒரே குடும்பத்தில் போய்க்கொண்டிருந்தது. 1980-ல் அதை ஒழித்தார்கள். அதற்குப் பிறகுதான் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள். கொத்தனார் மகள் ஒருத்தி, கிராமத்து நிலக் கணக்கேடான அடங்கலைப் புரட்டிப் பார்க்கும் நிலை வந்ததற்கு அந்த ஒரு முடிவுக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் கண் முன்னால் நடந்த மாற்றம் 2015 டிசம்பர். அதுவரை வீடு கட்ட வருபவர்கள் நீளம், அகலம், மூலை மட்டம், இவ்வளவுதான் கேட்பார்கள். வெள்ளம் வந்து போன பிறகு, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எல்லாம் உயரம் கேட்டார்கள். ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்குமே, அப்படி எங்கள் வாசல் எத்தனை மீட்டர் என்று. உயரம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலும், அளவு குறித்த கோலான ஸ்டாஃபும் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம். வண்டல் காயாத ஒரு வரவேற்பறையில் ஸ்டாஃபைப் பிடித்தபடி ஒரு பெரியவர், "எவ்வளவும்மா தூக்கணும்?" என்று கேட்டார். சாலை மட்டத்திலிருந்து கணக்குச் சொன்னேன். சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். லெவல் எடுப்பது அதுவரை சாலைக்கும் சாக்கடைக்கும் செய்த வேலை, அந்த மாதத்திலிருந்து வீட்டு வேலையும் ஆனது. புது வேலைப் பிரிவு ஒன்று பிறப்பதை நான் நேரில் பார்த்தது அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. கோணமும் தூரமும் ஒன்றாக அளக்கும் மின்னணுக் கருவியான டோட்டல் ஸ்டேஷனைச் சொந்தமாக வாங்கிய வாரம், யாரிடமும் சொல்லாமல் முதலில் எங்கள் வீட்டைத்தான் அளந்தேன். செம்பருத்தி போய்விட்டது, கல் அங்கேயே இருந்தது. அப்பா இரண்டாம் முறை கட்டிய சுவர் எல்லைக்கு இரண்டு சென்டிமீட்டர் உள்ளே, எங்கள் பக்கம் இருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அதே இரண்டு. அவரிடம் போய், ஏன்பா இரண்டு சென்டிமீட்டர் விட்டுக் கட்டினே என்று கேட்டேன்.

"பூச்சுக்கு விட்டேன்மா" என்றார். "அவங்க பக்கம் பூசினா கனம் வருமில்ல?"