நான்கு மணி நேரக் கணக்கு

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு,

மதுரையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், விமானம் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரும், காலையில் இறங்கி அன்றே வேலையில் சேர முடியுமா, அறை வாடகை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வான்வழியாக ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். நேர் விமானமென்றால் நான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகும். வாடகையைச் சிங்கப்பூரில் நம்மவர்கள் கூடும் தேக்கா பகுதியில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அன்றே வேலையில் சேர்வதைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. இரவு 11 மணிக்குக் கிளம்பினால் இறங்கும்போது அங்கே விடியற்காலை 5.30, உங்கள் உடம்புக்கோ அது நடுச்சாமம் 3 மணி. மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்துக்குப் போய்க் காத்திருப்பதையும், இறங்கியபின் கடவுச்சீட்டைச் சோதிக்கும் குடிநுழைவு வரிசையில் நிற்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் யாராவது பொட்டலம் கொடுத்தால் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்; நம் வீட்டுக் குழம்புக்கு அரைக்கும் கசகசாகூட அங்கே போதைப்பொருள் தடுப்புக் கெடுபிடிக்குள் வரும் பொருள்.

1997-இல் நான் சிங்கப்பூருக்கு வந்தபோது மதுரையிலிருந்து வெளிநாட்டு விமானமே கிடையாது. உசிலம்பட்டியில் பேருந்து ஏறி, மதுரையில் மாறி, இரவு முழுவதும் உட்கார்ந்தபடியே சென்னைக்கு வந்து, மறுநாள் பகலெல்லாம் திரிசூலம் ரயில் நிலைய நடைமேடையில் பெட்டிமேல் சாய்ந்து கிடந்துவிட்டுத்தான் இரவு விமானத்தைப் பிடித்தேன். எட்டு மணிக்குப் பட்டறையில் இருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பிய முகவர், நேர வித்தியாசத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் முகம் கழுவிவிட்டு, ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்த, அண்ணன் கட்டிவிட்ட எச்.எம்.டி. கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்தரை. நேரம் கிடக்கிறதே என்று ஓர் ஓரமாக அமர்ந்து, அம்மா வாழையிலையில் கட்டித் தந்திருந்த புளியோதரையை நிதானமாகச் சாப்பிட்டேன். வெளியே பளீரென்று விடிந்திருந்ததைக் கண்டும் எனக்கு உறைக்கவில்லை. பட்டறைச் சுவரில் மணி 10.20 ஆகியிருந்தது; மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை பேசாமல் அன்றைய சம்பளத்தை வெட்டினார். அதன்பின் இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் நான் தாமதமாகப் போனதில்லை.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் சிலர், "சிங்கப்பூர் போவது, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ராமேஸ்வரம் போகிற நேரம்தான்" என்று டீக்கடையில் அளப்பார்கள். கேட்கும்போதே எனக்கு எரிச்சல் வரும். 2006-இல் அப்பா தவறிய செய்தி மாலை ஆறு மணிக்கு வந்தது. திருச்சி விமானத்தில் இடமில்லை. விடியற்காலையில் சென்னைக்குத்தான் கிடைத்தது. அங்கிருந்து வாடகைக் காரில் ஊருக்கு வந்து வாசலை மிதிக்க இருபத்திரண்டு மணி நேரம் ஆயிற்று. தெருவில் உதிர்ந்து கிடந்த பூவை மிதித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போனேன். அந்த நான்கு மணி நேரம் எனக்கு எங்கே உதவியது?

ஆகவே வேலையில் சேரும் நாளுக்கு முந்தின நாளே இறங்கும்படி சீட்டு எடுங்கள். மதுரையில் தோதான விமானம் இல்லையென்றால் திருச்சியைப் பாருங்கள். அங்கே சிங்கப்பூருக்கு விமானங்கள் அதிகம், மதுரையிலிருந்து சாலைவழி ஏறத்தாழ 135 கிலோமீட்டர்தான். சென்னை சுற்றிப் போகும் மலிவுச் சீட்டை முகவர் தலையில் கட்டப் பார்த்தால், இரண்டு விமானங்களுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும் என்பதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.